காரைக்குடியிலிருந்து சிறுமலைக்குச் சைக்கிளில்: பல நாள் பயணத்தை எந்த வரிசையில் திட்டமிடுவது

மூட்டை கட்டிய சைக்கிளில் காரைக்குடியிலிருந்து போய், திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை ஏறித் திரும்ப ஐந்து நாள் வேண்டும். பலமுறை போய்வந்திருக்கிறேன், புதிதாக வந்தவர்களையும் கூட்டிப் போயிருக்கிறேன். மலையில் தோற்றுத் திரும்பியவர்கள் குறைவு. நத்தம் எட்டுவதற்கு முன்பே திரும்பியவர்கள்தான் அதிகம். அவர்களுக்குக் காலில் தெம்பு இருந்தது, ஆயத்த வேலைகளின் வரிசைதான் மாறிப்போயிருந்தது. முதலில் பை வாங்கினார்கள், அப்புறம் லீவு போட்டார்கள், கிளம்புவதற்கு முந்தின இரவுதான் வழியைப் பார்த்தார்கள். கீழே உள்ள வரிசையில் செய்து பாருங்கள்.

1. முதலில் மாதம்

நாம் போவது மேற்கே. ஆனி, ஆடியில் காற்றும் மேற்கிலிருந்துதான் வீசும். பிள்ளையார்பட்டி தாண்டினால் பொட்டலும் கண்மாயும்தான், காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. மூட்டை ஏற்றிய சைக்கிளை அந்தக் காற்றுக்குள் நாள் முழுக்க மிதிப்பது மலை ஏறுவதைவிடக் கடினம். சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றி நம்மூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் கண்மாய்கள் நிரம்பி வழியும்.

இந்தப் பயணத்துக்கு ஏற்றவை தையும் மாசியும். தையிலும் இரண்டு சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும்போது திருப்பத்தூர்ச் சாலைப் பக்கம் சைக்கிளோடு போகாதீர்கள். அடுத்தது தைப்பூசம். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனிக்குக் காவடியோடு நடப்பவர்களின் பாதையும் நம் பாதையும் ஒன்றே. அவர்கள் விடியலுக்கு முன் இருட்டில் நடப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சைக்கிளை விடுவது அவர்களுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. வழியில் தங்க அறையும் கிடைக்காது. தைப்பூசம் முடிந்து மாசி பாதிவரை உள்ள நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஏற்ற நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள்

புதியவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். சமதரையில் அது சரி. மலையில் மணிநேரத்தைத்தான் எண்ண வேண்டும். மூட்டையோடு தார்ச்சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வரும். செம்மண் தடத்தில் 10. நல்ல ஏற்றத்தில் 6 வந்தால் போதும். அப்படியானால் 18 கிலோமீட்டர் ஏற்றம் என்பது மூன்று மணிநேர மிதி. நின்று மூச்சு வாங்குவதையும் சேர்த்தால் நான்கு. காலை 6 மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் 10 மணிக்கு மேலே இருக்கலாம். 9 மணிக்குத் தொடங்கினால் கடைசி வளைவுகள் உச்சி வெயிலில் வரும்.

ஆகவே ஏற்றம் மூன்றாம் நாள் காலை என்று முதலில் எழுதிவிடுங்கள். முதல் நாள் உடம்பும் சைக்கிளும் மூட்டைக்குப் பழகும் நாள். இரண்டாம் நாள் மாலையில் ஏறலாம் என்று ஆசை வரும். கால் களைத்த பிறகு, இருட்டப் போகும் நேரத்தில், காட்டுச் சாலையில் ஏறக் கூடாது.

நான் போடும் கணக்கு இது. முதல் நாள் காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி. நேர் சாலையில் 40 கிலோமீட்டர் சொச்சம். செம்மண் தடங்களையும் கண்மாய்க் கரைகளையும் சேர்த்துக்கொண்டால் 55. இரண்டாம் நாள் கொட்டாம்பட்டி, நத்தம் வழியாகத் திண்டுக்கல், 70 கிலோமீட்டர் வாக்கில். கொட்டாம்பட்டியில் மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள். நத்தம் தாண்டியதும் வலப்பக்கம் கரந்தமலை, இடப்பக்கம் சிறுமலை. சாலையும் மெல்ல ஏறி இறங்கும், மறுநாளைக்கு அது நல்ல பயிற்சி.

சிறுமலைக்குப் பிரியும் சாலை திண்டுக்கல்லுக்குச் சற்று முன்பே நத்தம் சாலையில் வந்துவிடும். அன்றைக்கு அதைக் கண்டும் காணாமல் தாண்டிப் போய்விடுங்கள். திண்டுக்கல்லில் அறை எடுத்து, மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு, மூன்றாம் நாள் தண்ணீர், மழைச்சட்டை, பஞ்சர் சாமானோடு மட்டும் ஏறி இறங்குங்கள். முதல் மலைக்கு இதுதான் சரி. மூட்டையோடு ஏறுவதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான்காம், ஐந்தாம் நாள் திரும்பி வருவது. அந்த மாதங்களில் கீழ்க்காற்று முகத்தில் அடிக்கும் என்பதால் போன வேகத்தில் வர முடியாது. மதியத்துக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள்.

3. பாதியில் விட்டுவிட்டு வரும் வழி

இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு இடத்தைக் குறித்து, இங்கே முடியவில்லை என்றால் எப்படி ஊர் திரும்புவது என்று எழுதிக்கொள்ளுங்கள். காரைக்குடியும் திண்டுக்கல்லும் ரயில் சந்திப்புகள்தான், ஆனால் இரண்டுக்கும் நேரடித் தடம் இல்லை. திருச்சி சுற்றியோ மானாமதுரை, மதுரை சுற்றியோ வர வேண்டும். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு முன்கூட்டியே போக வேண்டும். பேருந்தில் ஏற்றுவது கண்டக்டர் மனசைப் பொறுத்தது.

நடைமுறையில் கைகொடுப்பது குட்டியானை எனும் சின்னச் சரக்கு வண்டிதான். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் மூன்று ஊரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டி வாடகைக்கு நிற்கும். அந்தந்த ஊரில் டீ குடிக்க நிற்கும்போதே ஒரு டிரைவரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடினால் கிடைக்காது.

4. பாதையை வரைவது

போனில் உள்ள வரைபடம் செம்மண் தடத்தையும் தார்ச்சாலையையும் ஒரே கோடாகக் காட்டும். அதனால் செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒவ்வொரு துண்டாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பாக, அகலம் மாறாமல் போனால் அது வண்டி ஓடும் தடம். கோடு மெலிந்து மரங்களுக்குள் மறைந்தால் அங்கே கருவேலம் மூடியிருக்கும். ஏற்ற இறக்கத்தைக் காட்டும் செயலி ஒன்றில் அதே பாதையை வரைந்து, எந்தக் கிலோமீட்டரில் சரிவு 8 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது.

நம்மூரில் கிராவல் என்றால் சாலை போடக் கொட்டும் செம்மண். காய்ந்து இறுகியிருந்தால் அதைப்போல ஓட்டச் சுகமான தரை வேறில்லை. புதிதாகக் கொட்டி இன்னும் உருளை ஓட்டாத இடத்தில் முன்சக்கரம் நழுவும். அங்கே பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலை இறுக்காமல், ஒரே சீராக மிதித்துக் கடக்க வேண்டும். கண்மாய்க்குள் இறங்கும் தடங்களில் கதை வேறு. ஒரு மழை பெய்திருந்தால் கரம்பை, அதாவது கண்மாய் வண்டல், சக்கரத்தில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சைக்கிளை நிறுத்திவிடும். கரைமேல் போங்கள், உள்ளே இறங்காதீர்கள்.

கரைமேல் போகும்போது வரைபடம் காட்டாத ஒன்று கலுங்கு. கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் இடத்தில் தடம் அந்தக் கல்லின் மேலேயே போகும். ஒருமுறை சிங்கம்புணரிக்கு முன்னால், கணுக்கால் அளவுதானே என்று நினைத்து இறங்கப் போனோம். எதிரே மாடு ஓட்டிவந்த பெரியவர், "தம்பி, தண்ணி கம்மியாத்தான் தெரியும், கல்லுல பாசி. சைக்கிளை எறக்காதீக, அந்தா அரமைலுல ரோடு இருக்கு" என்று திருப்பிவிட்டார். பாசி பிடித்த கல்லில் ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலும் மூட்டையோடு உள்ள சைக்கிளைச் சாய்த்துவிடும். ஆகவே ஒவ்வொரு கலுங்குக்கும் ஒரு சுற்றுவழி முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

5. சைக்கிள்: பல், பிரேக், வால்வு

செட்டிநாட்டில் மேடு இல்லை. அதனால் நம் சைக்கிளின் மிகச் சிறிய கியரை நாம் தொட்டிருக்கவே மாட்டோம். முன்பக்கம் உள்ள சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்பக்கம் பெரியதில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். பின்னது முன்னதைவிட அதிகமாக இருக்க வேண்டும். முன்னே 30, பின்னே 34 என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வரும். அதுதான் ஏற்ற வேகம். முன்னே 38, பின்னே 28 என்று இருந்தால் முட்டியில் வலி எடுத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பின் பல்சக்கரத்தை மாற்றுவதற்குப் பைகளைவிடக் குறைவாகவே செலவாகும், முதலில் அதைச் செய்யுங்கள்.

ரிம் பிரேக் என்றால் கட்டையை, டிஸ்க் பிரேக் என்றால் பேடைக் கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள், ஒரு ஜோடி கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் ஒரு வருடம் ஓடும் பேடு மலை இறக்கத்தில் சீக்கிரம் கரைந்துவிடும்.

விலை கூடிய சைக்கிள்களில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். வழியில் உள்ள பஞ்சர் கடை எல்லாம் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. இரண்டையும் பொருத்தும் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பம்பு உடைந்தாலும் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். பின் கியரை மாற்றும் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மாதிரி. அது வளைந்தால் வழியில் எங்கும் கிடைக்காது, உங்கள் மாடலுக்கு உரியது ஒன்று பையில் இருக்கட்டும்.

6. முள்

இந்தப் பயணத்தில் நம்மை அதிகம் நிறுத்துவது சீமைக்கருவேல முள். 40 மில்லிமீட்டர் அகல டயர் போட்டாலும் குத்தும். மோசமான இடம், விறகுக்கோ கரிமூட்டத்துக்கோ மரத்தை வெட்டித் தடத்தின் குறுக்கே இழுத்துப்போன இடம். தரையில் நீளவாக்கில் இழுத்த கோடும் உதிர்ந்த சிறு இலைகளும் தெரிந்தால் உடனே இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

ட்யூப் இல்லாத டயர்தான் நம் பக்கத்துக்கு நல்லது. உள்ளே ஊற்றும் சீலன்ட் என்ற திரவம் முள்துளையை அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து தோலாகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், கிளம்புவதற்கு முந்தின வாரமும் ஊற்றிக்கொள்ளுங்கள். முள் டயரில் நிற்பதைப் பார்த்ததும் பிடுங்கிவிடாதீர்கள். சக்கரத்தைச் சுழற்றி அந்த இடம் அடியில் வரும்படி நிறுத்தி, சீலன்ட் அங்கே தேங்கிய பிறகு பிடுங்கினால் அடைத்துக்கொள்ளும்.

ட்யூப் உள்ளவர்களுக்கு நான் பார்க்கும் தவறு ஒன்றே. என்னோடு வந்த ஒரு தம்பிக்குப் பிள்ளையார்பட்டிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் மூன்று தடவை காற்று போனது. மூன்று தடவையும் புது ட்யூப். மூன்றாவதை நான் வாங்கிப் பார்த்தேன். ஓட்டை எல்லாம் வால்விலிருந்து ஒரே தூரத்தில் இருந்தது. டயரின் உள்பக்கம் கைக்குட்டையை மெல்ல இழுத்துக்கொண்டே போனேன், ஓரிடத்தில் நூல் மாட்டியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டயரை வெளிப்பக்கமாக மடக்கியதும் அரிசி நுனி அளவு கறுப்பு முனை எட்டிப் பார்த்தது. முள் வெளியே உடைந்து விழுந்துவிட்டது, முனை மட்டும் ரப்பருக்குள் நின்றுவிட்டது. நகவெட்டியால் பிடித்து இழுத்ததும் கால் அங்குல முள் வந்தது.

இதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் போதும். டயரில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயருக்கு நேராக வால்வு வரும்படி எப்போதும் மாட்டுங்கள். ட்யூபைக் கழற்றிக் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்தால், அதே தூரத்தில் டயரில் முள் இருக்கும். விரலால் தடவாதீர்கள், துணியால் தடவுங்கள். முள்ளை எடுக்காமல் புது ட்யூப் போடக் கூடாது.

காற்று அளவு: 65 கிலோ எடை உள்ளவர், மூட்டையோடு, 40 மில்லிமீட்டர் டயரில் ட்யூபோடு போனால் பின்னே 45, முன்னே 40 பிஎஸ்ஐ. செம்மண்ணில் இரண்டிலும் ஐந்து குறைக்கலாம். கல்போல அடித்தால் பஞ்சர் ஆகாது என்பது தவறான நம்பிக்கை. இறுகிய டயர் சரளையில் குதிக்கும், கை மரத்துப் போகும்.

7. தண்ணீரும் சாப்பாடும்

சமதரையில் இரண்டு லிட்டர் போதும், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரு டீக்கடை வந்துவிடும். மலையில் மூன்று லிட்டர். ஏற்றத்தில் கடை இல்லாத தூரம் நீளம், மணிக்கு முக்கால் லிட்டராவது வேண்டும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் மதியம் தலை வலிக்கும். ஒரு பாட்டிலில் எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் சர்க்கரை. வழியில் நீர்மோர் கிடைத்தால் உப்புப் போட்டுக் குடியுங்கள். ஊருணித் தண்ணீர் ஊர்க்காரர் குடிக்க வைத்திருப்பது. கேட்டுவிட்டு மொண்டுகொள்ளுங்கள், கை கால் கழுவ அதில் இறங்காதீர்கள்.

காலையில் இட்லி, பணியாரம் போல லேசாக. கடலைமிட்டாயும் வாழைப்பழமும் சட்டைப்பையில். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம், 45 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக வாயில் போட்டுக்கொண்டே இருங்கள். மேலே போனால் சிறுமலை வாழைப்பழமே கிடைக்கும். பரோட்டா, பிரியாணியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. இப்போதுதான் மூட்டை

தண்ணீர் தவிர்த்து 8 கிலோவுக்குள் முடியுங்கள். கனமானவை, அதாவது ஸ்பேனர், ட்யூப், பூட்டு, பவர்பேங்க் எல்லாம் சட்டத்தின் நடு முக்கோணத்தில். துணி சீட்டுக்குப் பின்னால். மழைச்சட்டை, போர்வை மாதிரி லேசானவை ஹேண்டிலில். கனம் மேலேயும் பின்னேயும் ஏறினால் ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது சைக்கிள் ஆட்டம் போடும். முதுகில் பை வேண்டாம், வேர்வையில் இரண்டாம் நாளே முதுகு புண்ணாகும்.

அறையில் தங்குவதால் கூடாரமும் அடுப்பும் தேவையில்லை. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் கூடாரம் போடுவது குற்றம், எண்ணவே வேண்டாம். துணி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டிவிடுங்கள்.

9. ஒத்திகை

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு, முழு மூட்டையோடு காரைக்குடி, கானாடுகாத்தான், திருமயம் சுற்றி ஒரு நாள் ஓட்டுங்கள். பாதியாவது செம்மண் தடமாக இருக்கட்டும். எந்தப் பட்டை தளர்கிறது, எந்தப் பை முட்டியில் உரசுகிறது, எந்த போல்ட் கழல்கிறது என்று வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் தொடவே தொடாத பொருளை எடுத்து வெளியே வையுங்கள், பஞ்சர் சாமானும் மருந்தும் தவிர. பத்து நாள் ஏன் என்றால், ஏதாவது உதிரி வாங்க வேண்டியிருந்தால் வந்து சேர நேரம் வேண்டும்.

ஏற்றத்துக்குப் பயிற்சி எங்கே என்று கேட்பார்கள். காற்றுக்கு எதிராக, பெரிய கியரில் இல்லாமல் சின்னக் கியரில், ஒரு மணிநேரம் உட்கார்ந்தே மிதியுங்கள். மலையில் வேண்டியது அந்தப் பொறுமைதான்.

10. மலையில்

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் நின்று, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுமலைச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். முதல் மூன்று வளைவை வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வளைவின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சரிவு குறைவு. எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் மட்டும் நடுவை ஒட்டி எடுங்கள், இல்லையென்றால் இடது ஓரத்தில் இறங்கித் தள்ளுங்கள். கியரை வளைவுக்கு முன்பே மாற்றுங்கள். பாரத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறும்.

குரங்குகள் ஹேண்டில் பையைத் திறந்துவிடும், நிற்கும்போது கையை அதன்மேலேயே வைத்திருங்கள். காட்டுமாடு சாலையில் நின்றால் தூரத்திலேயே நின்று, அது போகும்வரை காத்திருங்கள். மணி அடிக்கவோ சத்தம் போடவோ கூடாது.

இறக்கம்தான் எனக்குக் கவலை தரும் பகுதி. நம்மூரில் பிரேக்கை ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருக்க மாட்டோம். இங்கே பயத்தில் அடிவாரம் வரை விடாமல் பிடிப்பார்கள். ரிம்மும் டிஸ்க்கும் கொதித்து, பிடிமானம் குறையும். நேரான பகுதியில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், மறுபடி பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும், வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் மணலில் சக்கரம் வழுக்கும். நான்கு வளைவுக்கு ஒருமுறை நின்று கையை உதறிக்கொள்ளுங்கள். நின்றதும் டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும், சுர்ரென்று ஆவியானால் இன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. பேருந்து வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள்.

11. வீடு திரும்பிய அன்றே

குளிப்பதற்கு முன் செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள், செம்மண் தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். டயர் இரண்டையும் ஒரு சுற்றுத் துணியால் தடவி முள்முனைகளை எடுத்துவிடுங்கள். அப்புறம், எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருந்தீர்கள், எந்தக் கலுங்கில் தண்ணீர் ஓடியது, எந்தக் கரையில் முள் வெட்டியிருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி சைக்கிள் பையிலேயே வைத்துவிடுங்கள்.